வரிசை எண்ணும் வாழும் ஊரும்



விமானத்தைப் பற்றிப் பேச்சு என்றதும், இறக்கையைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் கேட்கலாம் என்று சிலர் வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு பட்டியலைப் பற்றி. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் விமானிகள் அத்தனை பேரும், வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி, அதில் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் நிற்பவருக்கு எண் ஒன்று. கடைசியில் நிற்பவருக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிய எண்ணாகவும் இருக்கும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னே, யார் பின்னே? பல நிறுவனங்களில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். வயதில் மூத்தவருக்கு முன் எண்.

அந்த எண் என்ன செய்கிறது? ஒரு விமானி எந்த ஊரிலிருந்து பறப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த ரக விமானத்தை ஓட்டுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. இடது இருக்கையில் கேப்டனாக உட்காருவாரா, வலது இருக்கையில் துணை விமானியாக உட்காருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. மகளின் பிறந்தநாளில் வீட்டில் இருப்பாரா, ஏதோ ஒரு விமான நிலைய ஓட்டலில் இருப்பாரா என்பதைக்கூட அதுதான் தீர்மானிக்கிறது. இந்த எண்ணுக்கும் ஒரு மனிதன் வாழும் ஊருக்கும் உள்ள உறவுதான் இன்று என் பேச்சு.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். விமானிகளின் பேச்சில் 'பேஸ்' என்பது அவர்களுடைய பணித்தளம். ஒவ்வொரு பயணமும் அங்கே தொடங்கி அங்கேயே முடியும். நிறுவனம் ஒரு புதிய ஊரில் தளம் திறக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில், இந்த ரக விமானத்துக்கு, இத்தனை கேப்டன்கள், இத்தனை துணை விமானிகள் தேவை என்று அறிவிப்பு வெளியாகும். விமானிகள் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்வார்கள். குறித்த நாளில் பதிவு முடியும். கணினி எண் ஒன்றிலிருந்து தொடங்கும். முதலாமவர் கேட்டது உண்டா? கொடு. இரண்டாமவர் கேட்டது மிச்சம் இருக்கிறதா? கொடு. இப்படியே பட்டியலின் அடிவரை போகும். நம் ஊர் ஆசிரியர்களுக்கு மாறுதல் கலந்தாய்வு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு உண்டு. விமானிகளின் வரிசையில் கடைசியில் நிற்பவர் மறுத்துவிட்டு வெளியே வர முடியாது. யாரும் கேட்காத இடம் மிஞ்சினால், அது கீழ் எண்காரர் தலையில்தான் விழும்.

நன்றாகக் கவனியுங்கள். யார் திறமைசாலி என்று அந்தக் கணினி கேட்பதில்லை. யாருக்கு மேலதிகாரி நல்ல சான்று கொடுத்தார் என்று கேட்பதில்லை. யாருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, யாருடைய தாயார் படுக்கையில் இருக்கிறார் என்றும் கேட்பதில்லை. பயிற்சியிலும் தேர்விலும் தேறியாக வேண்டும், அதில் சலுகையே கிடையாது. தேறியவர்களுக்குள் யார் முந்தி என்பதற்கு ஒரே விடை, சேர்ந்த தேதி.

ஒரு தளம் திறந்தால் அந்த ஓர் ஊரோடு விஷயம் முடிவதில்லை. சிகாகோவில் இருந்த ஒரு கேப்டன் புதிய தளத்துக்குப் போகிறார். சிகாகோவில் அவர் இடம் காலி. அதற்கு இன்னோர் ஊரிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் இடத்துக்கு, வேறு ரக விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு துணை விமானி கேப்டனாக உயர்ந்து வருகிறார். விமான ரகம் மாறினால் வாரக்கணக்கில் மறுபயிற்சி. அவர் விட்டுப்போன இருக்கைக்கு இன்னொருவர், அவருக்கும் பயிற்சி. ஒரு நாற்காலி நகர்ந்தால் நாலு குடும்பம் நகர்கிறது. அதனால்தான், ஒருமுறை மாறினால் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி மாறக் கூடாது என்று ஒப்பந்தங்களில் கட்டுப்பாடு வைக்கிறார்கள். தளம் மூடப்படும்போது இதே அலை தலைகீழாக அடிக்கிறது. இடம் இழந்த மூத்தவர் வேறு தளத்துக்குப் போவார், அங்கே இருந்த இளையவர் வெளியேறுவார், அவர் தமக்குக் கீழே இருப்பவரின் இடத்தைப் பிடிப்பார். கடைசியில் ஒருவர் வேலையே இல்லாமல் நிற்பார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிறுவனம் முழுவதற்குமான எண் ஒன்று. ஆனால் அன்றாட வாழ்க்கையை நடத்துவது, உங்கள் தளத்தில், உங்கள் விமானத்தில், உங்கள் இருக்கையில் உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்ற கணக்கு. நியூயார்க் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை அதிகம், நெரிசல் அதிகம், தாமதங்கள் அதிகம். மூத்தவர்கள் பலர் விலகிப் போகும் ஊர் அது. ஆகவே அங்கே சின்ன எண் இல்லாதவரும் சீக்கிரம் கேப்டன் ஆகலாம். எல்லாரும் குடியிருக்க விரும்பும் ஊரிலோ, அதே மனிதர் இன்னும் பல ஆண்டுகள் துணை விமானியாகவே இருக்க வேண்டும். உயர்வு வேண்டுமா, ஊர் வேண்டுமா? சம்பளம் வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமா? நியூயார்க்கில் அப்படிச் சீக்கிரம் கேப்டன் ஆனவர் அங்குள்ள எல்லாக் கேப்டன்களுக்கும் கீழே இருப்பார். மாதம் முழுக்க 'ரிசர்வ்' என்ற பெயரில் தொலைபேசி எப்போது அடிக்கும் என்று காத்திருப்பார். அமெரிக்க விமானிகளின் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி, உயர்வா ஊரா என்பதாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பலர் இந்தக் கேள்விக்கு மூன்றாவது ஒரு விடை கண்டுபிடித்தார்கள். வீடு ஓர் ஊரில், தளம் இன்னோர் ஊரில். வேலைக்குப் போவதே விமானத்தில். இருக்கை காலியாக இருந்தால் அதில், இல்லாவிட்டால் விமானி அறையிலேயே உள்ள 'ஜம்ப் சீட்' என்கிற உபரி இருக்கையில். தளத்து ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில் போட்டு, மாறி மாறித் தூங்குவார்கள். அதற்குக் 'கிராஷ் பேட்' என்று பெயர். இந்தப் பயணத்துக்குச் சம்பளம் இல்லை. இந்த நேரம் பணி நேரத்தில் சேராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே மறுபடி வருவோம்.

சரி, இத்தனை இறுக்கமான ஏற்பாட்டை யார் கேட்டார்கள்? முதலாளிகளா? இல்லை. விமானிகளே கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்?

1919ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கு வாருங்கள். அமெரிக்க அஞ்சல் துறை விமானத்தில் தபால் கொண்டுபோகத் தொடங்கிய காலம். திறந்த விமானி அறை, கருவிகள் சொற்பம், மூடுபனி வந்தால் கண்ணே துணை. நியூயார்க்கை அடுத்த பெல்மான்ட் பார்க்கில் கடும் மூடுபனி. பறக்க முடியாது என்று மறுத்த இரண்டு விமானிகளை வேலையை விட்டு நீக்கினார் துறைப் பொறுப்பாளர் ஓட்டோ பிரேகர். மற்ற விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தரையில் நாற்காலியில் இருப்பவர் பறக்கச் சொல்கிறார், வானத்தில் சாகப்போகிறவர் முடியாது என்கிறார். யார் சொல் நிற்க வேண்டும்? அந்த வேலைநிறுத்தம் எழுப்பிய கேள்வி அது.

1931இல் சிகாகோவில் விமானிகள் சங்கம் உருவானது. அதைக் கட்டியெழுப்பிய டேவிட் பென்கே என்பவரும் விமானிதான். சங்கத்துக்கு முன்மாதிரியாக இருந்தவை ரயில் தொழிலாளர் சங்கங்கள். எஞ்சின் ஓட்டுநர்கள் ஏற்கெனவே பணிமூப்பு வரிசைக்குப் பழகியிருந்தார்கள். 1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டமே விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. தண்டவாளத்தில் பிறந்த வரிசை அப்படித்தான் வானத்துக்கு ஏறியது.

இந்த வரிசையின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? ஒரு கேப்டன், இறக்கையில் பனி படிந்திருக்கிறது, நான் புறப்பட மாட்டேன் என்று சொல்கிறார். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நிறுவனத்துக்கு நஷ்டம். மேலாளருக்குக் கோபம். அந்த மேலாளர் அவரை அடுத்த மாதம் பிடிக்காத ஊருக்குத் தூக்கியடிக்க முடியுமா? முடியாது. அவருடைய பதவி உயர்வை நிறுத்திவைக்க முடியுமா? முடியாது. எண் காக்கிறது. மேலாளரின் மனநிலைக்கும் விமானியின் முடிவுக்கும் நடுவில் அந்த எண் நிற்கிறது. விமானத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் அது காக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வரிசையின் பக்கம் நிற்கிறேன், இந்த மேடையில் உரக்கச் சொல்லியே நிற்கிறேன்.

ஆனால் வரிசைக்கு ஒரு வாசல் உண்டு. வாசலைத் தாண்டியவருக்குத்தான் எண். ஹெலன் ரிச்சி என்ற பெண் 1934 டிசம்பரில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார். ஆண்கள் மட்டுமே இருந்த சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டே அவர் விலக நேர்ந்தது. அநியாயத்துக்கு எதிராகப் பிறந்த அதே சங்கம்! மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, விமானப்படையில் பறந்து தேர்ந்தவர், 1957இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். நிறத்தின் பேரால் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அவர் அங்கே வேலையில் சேர்ந்தது 1965இல். எட்டு ஆண்டுகள்! பெண்களுக்கு அந்த வாசல் திறக்க இன்னும் காலம் பிடித்தது. 1973இல் எமிலி ஹவல் வார்னர் டென்வரில் ஃபிரன்டியர் நிறுவனத்தில் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1976இல், கேப்டன் ஆனார். உள்ளே விட்டபின் எண் வேறுபாடு பார்ப்பதில்லை. உள்ளே விடுவது மனிதர்கள். தேதியை வைத்து ஓடும் ஒரு பட்டியல், வாசலில் பறிபோன ஆண்டுகளைத் தானாகத் திருப்பித் தராது.

நண்பர்களே, இனி இந்த ஏற்பாட்டின் வலி மிகுந்த பகுதிக்கு வருகிறேன். இந்த எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1991இல் ஈஸ்டர்ன் விமான நிறுவனம் மூடப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் பான் ஆம் நிறுவனமும் மூடப்பட்டது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள கேப்டனாக இருந்தாலும், வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் அன்று காலை சேர்ந்த இளைஞனோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். பட்டியலின் அடியில்தான் இடம்.

நிறுவனம் மூடாமல் இன்னொன்றோடு இணைந்தால்? அப்போது இரண்டு பட்டியல்கள் மோதுகின்றன. 2001இல் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகள் ஏறத்தாழ 2,300 பேர். அவர்களில் 1,200 பேருக்கு மேல் அமெரிக்கன் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டப்பட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் பறந்தவர்கள்கூட, அந்த ஆண்டு அமெரிக்கனில் சேர்ந்த புதியவருக்குக் கீழே. ஆறுதலாக ஒரு வேலி போட்டார்கள். உங்கள் பழைய தளமான செயின்ட் லூயிஸில் உங்களுக்கென்று கேப்டன் இடங்கள் பாதுகாக்கப்படும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் துறையே சுருங்கியது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்கும். அடியில் இருந்தவர்கள் யார்? அவர்கள்தான். 2003 நவம்பரில் செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பும் விமானங்களையே ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். வேலி அப்படியே இருந்தது, வேலிக்குள் நிலம் இல்லை! ஓர் ஊரோடு கட்டிவைத்த உரிமை, அந்த ஊர் வாடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது. 2007 டிசம்பரில், இணைப்பு நடந்தால் பட்டியல்களை நியாயமாக, சமமாக இணைக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. மெக்கேஸ்கில், பாண்ட் என்ற இரண்டு மிசௌரி செனட்டர்களின் பெயரால் அது வழங்குகிறது. செயின்ட் லூயிஸ் மிசௌரியில்தான் இருக்கிறது.

நடுவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. 2007இல் நடுவர் ஜார்ஜ் நிக்கலாவ் ஒரு பட்டியல் கொடுத்தார். கிழக்குப் பக்கத்து விமானிகள், அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள், கொதித்தார்கள். ஏறத்தாழ 17 ஆண்டு பணி செய்தவரை, மேற்கே சில மாதங்கள் முன்பு சேர்ந்தவருக்குப் பக்கத்தில் வைப்பதா என்றார்கள். மேற்குப் பக்கத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது: உங்கள் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்தது, உங்களில் பலர் வேலை இழந்து வீட்டில் இருந்தீர்கள், நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். கிழக்குப் பக்கத்தார் பெரும்பான்மை. 2008இல் பழைய சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வரவே இல்லை. ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே நிறுவனம், ஆனால் விமானிகள் இரண்டு நாடுகளாக இருந்தார்கள். கிழக்கத்தியவர் ஃபீனிக்ஸ் தளத்தைக் கேட்க முடியாது. மேற்கத்தியவர் சார்லட் தளத்தைக் கேட்க முடியாது.

இந்தப் பிளவின் நடுவில்தான் உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. 2009 ஜனவரி 15. நியூயார்க் லகார்டியாவிலிருந்து சார்லட்டுக்குக் கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் விமானம், பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. உள்ளே 155 பேர். 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கரை உலகமே கொண்டாடியது. அவர் வீடு எங்கே? கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே. அவர் தளம் எங்கே? வடக்கு கரோலினாவின் சார்லட்டில். நடுவே ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். அவர் 1980இல் சேர்ந்தது பி.எஸ்.ஏ. என்ற கலிஃபோர்னியா நிறுவனத்தில். அது 1988இல் இந்தப் பெரிய நிறுவனத்தில் கரைந்தது, வேலை கிழக்கே நகர்ந்தது, வீடு மேற்கிலேயே நின்றது. கூடப் பறந்த துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ், அதற்கு முன் கேப்டனாக இருந்தவர். நிறுவனம் சுருங்கியபோது வலது இருக்கைக்குத் திரும்ப நேர்ந்தவர். அந்த விமான ரகத்தில் அவருக்கு அப்போது 37 மணி நேர அனுபவம்தான். ஆனால் கேப்டனுக்கு நிகரான ஒரு முதிர்ந்த மனம் அன்று வலது இருக்கையில் இருந்தது. அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் சல்லன்பெர்கர், தம் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் சொன்னார்.

அந்த அதிசயம் நடந்து இருபத்தெட்டாவது நாள். பிப்ரவரி 12. நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் பறந்த, கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர். ஐம்பது உயிர். கேப்டன் ஃபுளோரிடாவிலிருந்து வேலைக்கு வந்தவர். துணை விமானி சியாட்டில் பகுதியிலிருந்து இரவோடு இரவாகச் சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்து நியூவார்க் வந்தவர். இருவருக்கும் தளத்து ஊரில் படுக்க ஒரு நல்ல இடம் இல்லை. எச்சரிக்கைக் கருவி இயங்கியபோது கேப்டன் செய்த தவறான செயலே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. களைப்பும் அவர்கள் செயல்திறனைக் குறைத்திருக்கலாம், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றது. நியூவார்க் தளத்தில் இருந்த 137 விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போனவர்கள் என்ற கணக்கும் அந்த விசாரணையில்தான் வெளிவந்தது.

அந்த விமானிகளைக் குறை சொல்லி முடித்துவிடலாமா? நியூவார்க்கில் ஒரு வீடு எடுத்துத் தங்க, சிறு நிறுவனத்துத் துணை விமானியின் சம்பளம் போதுமா? அடுத்த ஆண்டு தளம் மாறாது என்று அவர்களுக்கு யார் உறுதி கொடுத்தார்கள்?

இறந்தவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. மறுபடி மறுபடி வாஷிங்டன் போனார்கள். 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றானது. 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் வந்தன. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு, பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் விமானியின் உறுதிமொழி. எல்லாம் நல்லவை. ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம்? ஆய்வுக் குழு ஒன்று அதை ஆராய்ந்து, இப்போதைக்கு விதி போடப் போதுமான தரவு இல்லை என்று 2011இல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பயணம் இன்றும் விமானியின் மனசாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் இந்த ஏற்பாட்டோடு எனக்குக் கருத்து வேறுபாடு. வரிசை இருக்கட்டும். மூத்தவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் யாரும் கேட்காத ஊருக்குக் கடைசி எண்காரரை அனுப்பினால் லாபம் யாருக்கு? அந்த ஊரிலிருந்து விமானம் ஓட்டும் நிறுவனத்துக்கு. அப்படியானால் அவர் அந்த ஊரில் படுத்துறங்க ஒரு நல்ல அறைக்கு நிறுவனமே பணம் கொடுக்கட்டும், இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர் அன்றே விமானத்தில் ஏற வேண்டாம் என்று சொல்லட்டும். களைப்பாக இருக்கிறேன் என்று சொல்பவரிடம் காரணம் கேட்டுத் துருவாமல் இருக்கட்டும். தளத்தை மூடுவதாக இருந்தால் பள்ளி ஆண்டு முடியும் வரையாவது அவகாசம் கொடுக்கட்டும், வீடு மாற்றும் செலவை முழுதாக ஏற்கட்டும். சில ஒப்பந்தங்களில் இவற்றில் ஒன்றிரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. சங்கம் வலுவாக இருக்கும் இடங்களில் பேசி வாங்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களிலும், முக்கியமாக இளைஞர்கள் தொடங்கும் சிறு நிறுவனங்களிலும், இது விதியாக வேண்டும். 1919இல் மூடுபனியில் பறக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு விமானிக்கு உரிமை வேண்டும் என்று போராடினார்கள். மூன்று மணி நேரமே தூங்கினேன், இன்று பறக்க மாட்டேன் என்று சொல்ல, பட்டியலின் கடைசியில் இருக்கும் விமானிக்கும் அதே உரிமை, பயமில்லாமல், சம்பளம் போகாமல், கிடைக்க வேண்டும்.